அறுநூறு ரூபாயை மிச்சம் பிடித்த உங்கள் ஆக்ரா பயணம் பற்றிய புகார்

நாள்: 9 பிப்ரவரி 2026, செங்கல்பட்டு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர், தி.நகர் அலுவலகம், சென்னை

பொருள்: டெல்லி – ஆக்ரா தனி வாகன ஒருநாள் பயணம் (27 டிசம்பர் 2025, சனிக்கிழமை), பணம் திரும்பக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்துக்காக நான் உங்களுக்கு எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கும் மின்னஞ்சல். நான்குக்கும் "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி" என்று ஒரே பதில்தான் வந்தது. நான் கருத்து எதுவும் சொல்லவில்லை, பணத்தைத் திருப்பிக் கேட்டேன். அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டு வாங்கிய பிறகு "வரவே இல்லை" என்று சொல்ல முடியாது, பாருங்கள்.

உங்கள் பேக்கேஜில் என்னவெல்லாம் இருந்தது என்று உங்களுக்கே நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை, ஃபதேபூர் சிக்ரி, தமிழ் பேசும் கைடு, தனி இன்னோவா, "எல்லா நுழைவுக் கட்டணங்களும் உட்பட". நான்கு பேருக்கு 34,500 ரூபாய் முன்பணமாகவே கட்டினேன். நான், என் கணவர், 12 வயது மகள், 71 வயது அம்மா. கும்பகோணத்தில் நகராட்சிப் பள்ளியில் 33 வருஷம் சமூக அறிவியல் நடத்தி ஓய்வு பெற்றவர் என் அம்மா. முகலாயர் பாடம் வரும்போதெல்லாம் கரும்பலகையில் தாஜ்மஹாலை வரைந்தே நடத்துவார். அதை நேரில் பார்த்ததில்லை. இந்தப் பயணமே அவருக்காகத்தான்.

ஆரம்பமே கோணல். நீங்கள் முதலில் அனுப்பிய வவுச்சரில் 26 டிசம்பர் என்று இருந்தது. அது வெள்ளிக்கிழமை. தாஜ்மஹாலுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை உங்கள் கம்பெனிக்கு நான்தான் போன் செய்து சொன்னேன். "அப்படியா மேடம், செக் பண்றோம்" என்றார்கள். செக் பண்ணிவிட்டு 27 என்று மாற்றினார்கள். அதற்குத் தேதி மாற்றக் கட்டணம் என்று 1,500 ரூபாய் என்னிடமே வாங்கினீர்கள்! உங்கள் தவற்றை உங்களுக்குச் சுட்டிக்காட்டியதற்கு எனக்கு 1,500 ரூபாய் அபராதம். அன்றைக்கே நான் ரத்து செய்திருக்க வேண்டும். டெல்லி ரயில் டிக்கெட்டும் ஓட்டலும் போட்டாகிவிட்டதே என்று வாயை மூடிக்கொண்டேன்.

சரி, அதை விடுங்கள். காலை 5 மணிக்குக் கரோல் பாக் ஓட்டல் வாசலுக்கு வண்டி வரும் என்றீர்கள். டிசம்பர் கடைசி, வெளியே நின்றால் வாயிலிருந்து புகை வரும் குளிர். அம்மா மப்ளரும் குல்லாவுமாக 4:50-க்கே வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்துவிட்டார். வண்டி வந்தது 7:35-க்கு. டிரைவர்மேல் எனக்கு எந்தப் புகாரும் இல்லை, அவரை இதில் இழுக்காதீர்கள். பாவம், அவருக்கே முந்தைய இரவு 11 மணிக்குத்தான் சொன்னார்களாம், அதுவும் 7 மணி என்று. யமுனா எக்ஸ்பிரஸ்வேயில் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது, அவ்வளவு மூடுபனி. அந்த 165 கிலோமீட்டரையும் மனிதர் நிதானமாக ஓட்டினார். அம்மாவை "மாதாஜி, மாதாஜி" என்று கைபிடித்து இறக்கிவிட்டவரும் அவர் ஒருவர்தான்.

ஆக்ரா சேரும்போது மணி 11:15. ஷில்ப்கிராம் பார்க்கிங்கில் கைடுக்காக மேலும் 35 நிமிடம் காத்திருந்தோம். தமிழ் பேசும் கைடு என்று நீங்கள் அனுப்பியவருக்குத் தெரிந்த தமிழ் மூன்று சொற்கள்: வணக்கம், சாப்பாடு, சூப்பர். கழுத்தில் அடையாள அட்டை கிடையாது. கேட்டதற்குச் சிரித்தார். வழிநெடுக மேலே விழும் இடைத்தரகர்களை ஆக்ராவில் லப்கா என்று சொல்வார்கள் என்று டிரைவர் பிறகு சொன்னார். எங்களுக்கு அந்தத் தொந்தரவு இல்லை, நீங்களே ஒருவரை அனுப்பிவிட்டீர்கள்.

இந்தியில் அவர் சொன்னதை என் கணவர் மொழிபெயர்க்க, அம்மா திருத்திக்கொண்டே வந்தார். மும்தாஜ் ஆக்ராவில் இறந்ததாக அவர் சொன்னார். "புர்ஹான்பூர்ல, 1631-ல" என்றார் அம்மா. கட்டியவர்களின் கையை ஷாஜகான் வெட்டிவிட்டார் என்று ஆரம்பித்தார். "அதுக்கு ஆதாரம் கிடையாதுன்னு சொல்லு" என்றார் அம்மா. உங்கள் கைடுக்கு என் அம்மா பாடம் எடுத்தார். அதற்கும் பில் போடாமல் விட்டீர்களே, அந்த வரைக்கும் சந்தோஷம்.

இப்போது முக்கியமான விஷயம். தயவுசெய்து இந்தப் பத்தியையாவது யாராவது முழுதாகப் படியுங்கள்.

தாஜ்மஹாலில் இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் 50 ரூபாய். நடுவில் இருக்கும் சமாதி மண்டபத்துக்குள் போகத் தனியாக 200 ரூபாய். இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டுமா? இதை விற்பதுதானே உங்கள் தொழில்? உங்கள் கைடு எடுத்தது வெறும் 50 ரூபாய் டிக்கெட். அதை எங்களிடம் சொல்லவும் இல்லை. கூட்டத்தில் நசுங்கி, வரிசையில் நின்று, தோட்டத்தைக் கடந்து, முட்டிவலியோடு அம்மா அவ்வளவு தூரம் நடந்து பளிங்கு மேடையின் படிக்கட்டு வரைக்கும் வந்துவிட்டார். குனிந்து, செருப்புக்கு மேல் போடும் காலுறையை மாட்டும்போது காவலர் டிக்கெட்டைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். மேலே விட மாட்டோம் என்று. கைடைத் திரும்பிப் பார்த்தால் அவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாங்களே பணம் கட்டுகிறோம், எங்கே வாங்குவது என்று கேட்டோம். வெளியே போய்ப் புதிதாக எடுத்து, மறுபடி வரிசையில் நிற்க வேண்டும் என்றார் காவலர். மறுபடி ஒரு மணி நேரம் நிற்க அம்மாவின் கால் ஒத்துழைக்குமா?

அம்மா அந்தக் காலுறையைக் கழற்றி, மடித்து, கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இன்னமும் அது அந்தப் பைக்குள்தான் இருக்கிறது.

உள்ளே என்ன பார்க்க ஆசைப்பட்டார் தெரியுமா? அந்தக் கட்டடம் முழுக்க இடது பக்கம் என்ன இருக்கிறதோ அதுவேதான் வலது பக்கமும். கணக்குப் பிசகும் ஒரே இடம் நடுவில் இருக்கிறது. மும்தாஜின் கல்லறை நட்டநடுவில் இருக்க, பிற்பாடு பக்கத்தில் கொண்டுவந்து வைத்த ஷாஜகானின் கல்லறை ஓரமாகத் தள்ளியிருக்கும். நிஜமான கல்லறைகள் கீழே நிலவறையில் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். மேலே இருப்பதையாவது, அதைச் சுற்றிய பளிங்குச் சல்லடை வழியாகப் பார்க்க வேண்டும் என்பதுதான் ஆசை. "அந்த ஒரு பிசகை மட்டும் பார்த்துட்டா போதும்" என்று ரயிலில் இரண்டு நாளும் சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவர்கள் மூன்று பேருக்கு 600 ரூபாய். 36,000 ரூபாய் வாங்கிக்கொண்டு 600 ரூபாயை மிச்சம் பிடித்திருக்கிறீர்கள்.

இதைத்தான் அங்கிருந்தே உங்கள் உதவி எண்ணுக்குப் போன் செய்து சொன்னேன். 22 நிமிடம் இசை கேட்டேன். பிறகு வந்த ஊழியர் (பெயர் கேட்டேன், தரவில்லை, நேரம் பகல் 1:40, உங்கள் பதிவில் இருக்கும்) சொன்னது: "கீழ நின்னு பார்த்தாலும் அதே தாஜ்மஹால்தானே மேடம்? ஃபோட்டோ எல்லாம் கீழ இருந்துதான் நல்லா வரும்."

இந்த வாக்கியத்தை நான் மறக்கப் போவதில்லை. இரவு தூக்கத்தில்கூட வருகிறது. சாயங்காலம் மறுபடி கூப்பிட்டேன், அதே குரல்தான் எடுத்தது. ஃபதேபூர் சிக்ரிக்கு நேரமில்லை என்று கைடு கைவிரித்துவிட்டாரே, என்ன செய்வது என்று கேட்டேன். "சூரியன் சீக்கிரம் மறைஞ்சா கம்பெனி என்ன மேடம் பண்ண முடியும்?" என்றார். சூரியன் அதன் நேரத்துக்குத்தான் மறைந்தது. உங்கள் வண்டிதான் இரண்டரை மணி நேரம் தாமதமாக வந்தது.

நேரம் எங்கே போனது என்றும் சொல்கிறேன். தாஜ்மஹாலிலிருந்து கோட்டைக்கு நேராகப் போகவில்லை. "ஐந்து நிமிடம்" என்று ஒரு பளிங்குக் கடையில் இறக்கிவிட்டார் கைடு. ஒரு மணி பத்து நிமிடம்! கதவைச் சாத்தி, தேநீர் கொடுத்து, 45,000 என்று ஆரம்பித்து 18,000 வரைக்கும் இறங்கினார்கள். நாங்கள் வாங்காததும் கைடின் முகம் தொங்கிப்போனது, அதற்குப் பிறகு "சூப்பர்" கூட வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டு கடைக்காரர் ஒரு பளிங்குத் தட்டின் அடியில் டார்ச் அடித்துக் காட்டினார். கல்லுக்குள் பதித்த சிவப்புப் பூ கனல் மாதிரி எரிந்தது. அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். 2,000 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்துபோய், தாஜ்மஹாலில் இருக்கும் அந்தக் கல் பதிக்கும் வேலையைக் கிட்டத்தில் வைத்து அவர் பார்த்தது விற்பனைக்கு வைத்த ஒரு தட்டில்தான்.

ஆக்ரா கோட்டையில் 50 நிமிடம். முசம்மன் புர்ஜ் என்ற கோபுரத்தின் பக்கமாக நின்று, யமுனையின் வளைவில் மங்கலாகத் தெரிந்த தாஜ்மஹாலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 1658-ல் ஔரங்கசீப் சிறை வைத்த பிறகு, 1666-ல் சாகும்வரை ஷாஜகானும் இங்கிருந்துதான் பார்த்தார். "அவருக்கும் 50 ரூபாய் டிக்கெட்தான் போலிருக்கு" என்றார் அம்மா. நாங்கள் சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தனி வாகனம் என்றீர்களே, திரும்பும்போது கைடின் மச்சான் என்று ஒருவர் முன் சீட்டில் ஏறி டெல்லி வரைக்கும் வந்தார். என் கணவர் பின்னால் பெட்டிகளோடு உட்கார்ந்து வந்தார். பில்லில் இன்னொன்றும் பார்த்தேன்: "குழந்தை நுழைவுக் கட்டணம் – 750". 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தாஜ்மஹாலில் கட்டணமே கிடையாது ஐயா. எந்த வாசலில் அந்த 750-ஐக் கட்டினீர்கள்? ரசீது இருந்தால் அனுப்புங்கள், நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊர் திரும்பியதிலிருந்து என்னிடம் மூன்று புகார் எண்கள் சேர்ந்திருக்கின்றன. "டெல்லி வெண்டாரிடம் கேட்டிருக்கிறோம்" என்பார் ஒருவர். வெண்டாரோ சென்னையைக் கேளுங்கள் என்கிறார். நான் பணம் கட்டியது உங்களிடம். வெண்டார் யார், கறுப்பா சிவப்பா என்று எனக்கு எதற்கு?

கடைசியில் "நேரில் வந்தால் அன்றைக்கே முடித்துத் தருகிறோம்" என்றார்கள். ஜனவரி 22, வியாழக்கிழமை. அலுவலகத்தில் விடுப்புப் போட்டு, செங்கல்பட்டில் ரயிலேறி, மாம்பலத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு கூட்டத்தைக் கடந்து வந்தேன். லிஃப்டில் "பழுது" என்று அட்டை. மூன்று மாடி ஏறினேன். சம்பந்தப்பட்டவர் "ஃபேம் டிரிப்" (டிராவல்ஸ்காரர்கள் ஒரு ஊரைத் தெரிந்துகொள்ளப் போகும் பயணம்) போயிருக்கிறாராம். எங்கே என்று கேட்டேன். ஆக்ராவுக்காம்! இரண்டு மணி நேரம் உட்கார வைத்து, ஒரு படிவம் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். படிவத்தில் முதல் கேள்வி: "எங்கள் சேவையை நண்பர்களுக்குப் பரிந்துரைப்பீர்களா?" நடந்த எல்லாவற்றிலும் அந்த ஒரு நாள்தான் எனக்குத் தாங்க முடியவில்லை. வீடு திரும்பியபோது அம்மா, "விட்டுடேன், போதும்" என்றார். விடுவதாக இல்லை.

நான் கேட்பது இதுதான். பார்க்காத சிக்ரிக்கும், உள்ளே போகாத சமாதி மண்டபத்துக்கும், வராத தமிழ் கைடுக்கும் சேர்த்து 21,000 ரூபாய். தேதி மாற்றக் கட்டணம் 1,500. என் மகள் பெயரில் போட்ட 750. மன உளைச்சலுக்கும், அம்மாவின் வாழ்நாள் ஆசை பாழானதற்கும் இரண்டு லட்சம். இரண்டு லட்சம் அதிகம் என்று என் கணவரே சொல்கிறார். அவர் அந்தப் போனில் பேசவில்லை. அந்த ஊழியர் கைப்பட எழுதிய ஒரு மன்னிப்புக் கடிதம் என் அம்மா பெயருக்கு வந்தால், அந்த இரண்டு லட்சத்தைப் பற்றி நான் யோசிக்கத் தயார். மற்ற 23,250-ல் ஒரு பைசா குறைக்க முடியாது.

உங்களோடு சண்டை போடுவது என் நோக்கமில்லை. பத்து வருஷம் முன்பு நீங்கள் ஏற்பாடு செய்த காசிப் பயணத்தில் என் மாமனார் மாமியாரை எவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொண்டீர்கள்! அந்த நம்பிக்கையில்தான் வந்தேன். 15 நாட்களுக்குள் பதில் வரவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்வேன். அதற்கும் அசையவில்லை என்றால் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019-ம் வருஷச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணமும் இல்லை. உங்கள் வக்கீல்தான் இங்கே வந்து போக வேண்டியிருக்கும். மாம்பலத்திலிருந்து ரயில் உண்டு.

வவுச்சர், பில், 50 ரூபாய் டிக்கெட்டின் படம், போன் அழைப்புப் பட்டியல் எல்லாவற்றின் நகலும் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(இப்போதைக்கு)

பி.கு.: நேற்று என் வாட்ஸ்அப்புக்கு உங்கள் காதலர் தினச் சலுகை வந்தது. "பிப்ரவரி 13 அதிகாலை, தாஜ்மஹாலில் சூரிய உதயம், ஜோடிக்கு 15,999". காலண்டரை எடுத்துப் பாருங்கள். அது வெள்ளிக்கிழமை. இந்த முறை சொன்னதற்கு 1,500 தர மாட்டேன்.