பாரிசில் படவிழா நடத்தும் என் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

புதுச்சேரியிலிருந்து அண்ணன் எழுதுவது. போன வாரம் நீ அனுப்பிய குரல் செய்தியை மூன்று முறை கேட்டேன். உங்கள் புலம்பெயர் தமிழர் படவிழா முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே பேசியிருக்கிறாய், பின்னால் சத்தம் கேட்கிறது. "நாலு நாளும் பாதி அரங்கு காலிண்ணா. ஆறு பேர் ஒரு வருஷம் தூங்காம உழைச்சது யாருக்குன்னு தெரியலை" என்றாய். உன் குரல் கம்மியிருந்தது. வாட்ஸப்பில் பதில் போட்டால் நாலு வரியில் முடிந்துவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். உன்னோடு உழைத்த மற்ற ஐந்து பேருக்கும் படித்துக் காட்டு.

ஆகஸ்டில் வந்தபோது பென்டிரைவில் கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பின் படம் ஒன்று கொடுத்துவிட்டுப் போனாயே, 14 நிமிடக் குறும்படம். அதை நம் முத்தியால்பேட்டை வீட்டு மொட்டை மாடியில் போட்டேன். துணி காயப்போடும் கம்பியில் சித்தப்பாவின் வெள்ளை வேட்டி, நண்பனிடம் இரவல் வாங்கிய புரொஜெக்டர். இருபது பேர் இருப்போம். பக்கத்துத் தெருவில் மகள் வீட்டுக்கு வந்திருந்த பெரியவர் ஒருவரும் வந்து உட்கார்ந்தார். கடலூர்ப் பக்கம் கிராமம், எழுபது தாண்டிய தெருக்கூத்துக்காரர்.

படத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு மனிதர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரிக்கிறார். உள்ளே பிரெஞ்சு எழுத்தில் தமிழ்ப் பாட்டு. அர்த்தம் அவருக்குத் தெரியாது, அவர் அப்பாவுக்கும் தெரியாது. இரவில் முகத்துக்கு வண்ணம் பூசி, கிரீடம் வைத்து ஆட வருகிறார். நாடகம் என்ற சொல் அந்தத் தீவில் 'நாத்ரோன்' ஆகியிருக்கிறது, மதுரைவீரன் 'மல்தெவிலன்' ஆகியிருக்கிறார். இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, அதன் பின்னால் நின்று பாடத் தொடங்கினார். எங்களுக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

பெரியவர் மட்டும் முன்னால் சாய்ந்துவிட்டார். விரல் முழங்காலில் தாளம் போட்டது. "தம்பி நிறுத்து, திரும்பப் போடு" என்றார். மறுபடி போட்டேன். இந்தத் தடவை படத்தில் இருப்பவரோடு சேர்ந்து அவரும் பாடினார். மொட்டை மாடியில் யாரும் அசையவில்லை. முடிந்ததும் பெரியவர் கேட்டது ஒன்றுதான்: "மூணாவது அடியை விட்டுட்டாரே, அவருக்கு யாரும் சொல்லிக் குடுக்கலையா?"

இப்போது சொல். அந்தப் படத்துக்குப் பார்வையாளர் இல்லையா?

நம் ஆட்களைக் கூலி வேலைக்கு ஏற்றிப்போன முதல் கப்பல் 1853ல் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கிலும், 1854 கிறிஸ்துமஸ் சமயத்தில் குவாதலூப்பிலும் போய் நின்றது. இரண்டு முறையும் ஒரே கப்பல்தான், ஒரேலி. அதன்பின் முப்பது சொச்ச வருடங்களில் குவாதலூப்புக்கு மட்டும் சுமார் 42,000 பேர், கரும்புத் தோட்டத்துக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஏற்றியிருக்கிறார்கள். நம் தாத்தா பிரெஞ்சுப் படையில் சொல்தாவாகப் போனார், பென்ஷன் வந்தது, சித்தப்பாவுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி கிடைத்தது, நீ பாரிசில் பிறந்தாய். அந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலையில் பதக்கத்தோடு நிற்கும் பெரியவர்களைப் போட்டோ எடுக்க ஊரே வரும். கரும்பு வெட்டப் போனவர்களுக்கு அப்படி ஒரு நாள் இங்கே இல்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் முத்துசாமி என்ற பெயரை 'மூத்துசாமி' என்று எழுதிக்கொண்டு அங்கே படம் எடுக்கிறார்கள், அதை உன்னைப் போன்ற ஒருத்தி தேடிப் பிடித்துத் திரையில் போட்டால்தான் நமக்குத் தெரிகிறது.

2015ல் 'தீபன்' படத்துக்குக் கான் விழாவில் தங்கப்பனை விருது கிடைத்தது. யாழ்ப்பாணத்து அல்லைப்பிட்டியில் பிறந்த எழுத்தாளர் ஷோபாசக்தி நாயகன், படத்தில் பெரும்பாலும் தமிழ்ப் பேச்சு. அன்றைக்கு நீ எவ்வளவு சந்தோஷப்பட்டாய் என்று தெரியும், நானும்தான். ஆனால் அதை இயக்கியவர் ஜாக் ஓதியார், ஏற்கெனவே பெரிய பெயர். அகதியாகப் போன குடும்பத்துப் பெண் தானே கேமராவைத் தூக்கினால், அவள் முதல் படம் கானுக்கு நேராகப் போய்விடாது. நூலக அரங்கில், நீங்கள் அடுக்கிய நாற்காலிகள் முன்னால்தான் முதலில் ஓடும்.

நியூயார்க்கில் 1993ல் ஒரு கணவனும் மனைவியும் ஆப்பிரிக்க வம்சாவளிப் படங்களுக்கென்று ஒரு விழா தொடங்கினார்கள். ரெய்னால்டோ பரோசோ-ஸ்பெக், டியாரா என்டாவ்-ஸ்பெக். எனக்கு அவர்களிடம் பிடித்தது, விழாவோடு நிறுத்தாமல் அந்தப் படங்களை விநியோகிக்கவும் ஒரு நிறுவனம் நடத்தியது. நாலு நாளில் விழா முடிந்துவிடும், படம் முடியக் கூடாது. உங்களிடம் நான் கேட்பதும் இதைத்தான். உங்கள் படங்களில் ஐந்தையாவது இந்தப் பக்கம் அனுப்புங்கள், இயக்குநர்களிடம் முறையாக அனுமதி வாங்கித்தான். புதுச்சேரி படவிழாவுக்குப் புதிய ஊர் இல்லை. நவதர்ஷன் திரைப்படக் கழகமும் அரசும் பிரெஞ்சுப் பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸும் சேர்ந்து இந்தியப் படவிழா நடத்துகிறார்கள், அதில் தரும் விருது சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில். சுவாமிகள் சமாதி இங்கே கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. நாடகக்காரர் பெயரில் சினிமாவுக்கு விருது கொடுக்கும் ஊரில் நாத்ரோன் படத்தைப் பார்க்க ஆள் வராமலா போகும்?

அப்புறம் சப்டைட்டில். உங்கள் படங்கள் எல்லாம் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வருகின்றன. மொட்டை மாடியில் நான் பக்கத்தில் நின்று வாயால் சொல்லிக்கொண்டிருந்தேன், பாதி போய்விட்டது. அடுத்த படத்துக்கு நானே தமிழில் போட்டேன். கஷ்டமான வேலைதான். இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, பேச்சு முடியும்போது எழுத்தும் போய்விட வேண்டும், தமிழ்ச் சொல் நீளமோ நீளம். முதல் தடவை ஓட்டியபோது கொம்பு தனியாகவும் கால் தனியாகவும் பிரிந்து நடுவில் புள்ளி வட்டங்கள் வந்து நின்றன. எழுத்துருவை மாற்றி, கடைசியில் எழுத்தைப் படத்தோடு சேர்த்தே பதித்த பிறகுதான் சரியானது. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். யாழ்ப்பாணத்து அம்மா மருமகனிடம் "சாப்பிட்டியளே?" என்று கேட்கிறாள். பிரெஞ்சு எழுத்தில் 'நீங்கள்' என்னும் 'வூ' போட்டு மரியாதையைக் காப்பாற்றியிருந்தீர்கள், ஆங்கிலத்தில் அது 'யூ' ஆகி ஒன்றுமில்லாமல் போயிருந்தது. அந்த 'வூ'வைப் போட்டவர் உங்கள் ஆறு பேரில் யார்? அவரிடம் நான் கேட்டதாகச் சொல். அந்த ஒரு சொல்லுக்கு அவர் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

படம் அனுப்புகிறவர்களிடம் வாங்கும் நுழைவுக் கட்டணத்தைப் பற்றியும் யோசியுங்கள். அரங்க வாடகைக்கு அதுதான் உதவுகிறது என்றாய், புரிகிறது. ஆனாலும் ஒரு படத்துக்கு இத்தனை யூரோ என்றால், ஓட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டு படம் எடுக்கும் பையன் எத்தனை விழாவுக்கு அனுப்புவான்? முதல் படத்துக்காவது வாங்காதீர்கள்.

தமிழ் சப்டைட்டிலுக்கு நான் இருக்கிறேன். மாதம் இரண்டு குறும்படம் முடியும், காசு வேண்டாம்.

இதோடு ஒரு ஒலிப்பதிவு அனுப்பியிருக்கிறேன். பெரியவர் நேற்று வீட்டுக்கே வந்து பாடிக் கொடுத்தது. மூன்றாவது அடியை மட்டும் மூன்று தடவை நிறுத்தி நிறுத்திப் பாடியிருக்கிறார். அதைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி, அந்த இயக்குநர் வழியாகப் பேருந்துக்காரரிடம் சேர்த்துவிடு. பெரியவர் ஞாயிற்றுக்கிழமைவரை மகள் வீட்டில்தான் இருப்பார். அதற்குள் பதில் வந்தால் நல்லது.

அன்புடன்,
அண்ணன்