கயாக் குழுவில் கடைசி ஆளுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியருக்கு,

சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரம் கடல் குளம்போலக் கிடக்கும். காற்று தரையிலிருந்து கடலுக்குப் போவதால் கரைக்குக் கிட்ட அலை எழும்பாது. துடுப்பால் ஓட்டும் சிறு படகான கயாக்கில் போகும் குழுக்கள் ஏமாறுவது இந்த அமைதியில்தான். காற்றை முதுகில் வாங்கி மணிக்கு 6 கிலோமீற்றர் வேகத்தில் அரை மணித்தியாலம் போனால் 3 கிலோமீற்றர். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடித்து வேகம் 2 ஆகிவிட்டால் கரைசேர ஒன்றரை மணித்தியாலம். களைத்த கைகளுக்கு அதற்கும் மேலே. அந்தக் காலத்தில் வெளிக்கடல் வேண்டாம், கரையோடு ஒட்டியே ஓட்டுங்கள்.

ஆறு பேர் போனால் ஆறு பேரும் ‘மற்றவன் பார்ப்பான்’ என்றிருப்பதுதான் பெரிய ஆபத்து. தண்ணீரில் இறங்குமுன்பே முன்படகு யார், பின்படகு யார் என்று பேசி முடிக்க வேண்டும். பின்படகில் இருக்கவேண்டியவர் நன்றாக ஓட்டத் தெரிந்தவர். களைத்தவரின் படகைக் கட்டி இழுக்கும் இழுகயிறும் அவரிடமே இருக்கட்டும். வேகம், தூரம், திரும்பும் நேரம் மூன்றையும் குழுவில் மெதுவானவரை வைத்தே கணக்குப் போடுங்கள். முன்னே போனவர்கள் நின்று காத்திருப்பார்கள், களைத்தவர் வந்து சேர்ந்ததும் உடனே கிளம்பிவிடுவார்கள். ஓய்வு கிடைத்தது யாருக்கு? அவர் தண்ணீர் குடித்து மூச்சு வாங்கிய பிறகே புறப்பட வேண்டும்.

படகு கவிழ்ந்தால் படகை விடக்கூடாது, கரைக்கு நீந்தவும் கூடாது. உதவிக்கு ஒரு படகு மட்டும் கிட்டப் போக, மற்றவை கூட்டமாக நிற்கட்டும். மேலே அமர்ந்து ஓட்டும் கயாக் என்றால் புரட்டி நிமிர்த்தினால் போதும். உள்ளே அமரும் வகையென்றால் உதவிக்குப் போனவர் அதன் மூக்கைத் தன் படகின் மேல் குறுக்கே இழுத்துக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, நிமிர்த்தி, பக்கத்தில் அணைத்து இறுகப் பிடிக்க வேண்டும். விழுந்தவர் பின்பக்கமாகக் குப்புறப் படுத்தபடி ஏறலாம். நெஞ்சளவு தண்ணீரில் பழகாதவருக்கு இது கடலில் வராது. காற்றில் மணிக்கு 2 கிலோமீற்றர் அள்ளுண்டு போனால், தடுமாறும் 15 நிமிடத்தில் குழு அரைக் கிலோமீற்றர் வெளியே நிற்கும்.

இழுகயிறு 10 முதல் 15 மீற்றர், மிதக்கும் வகை. ஒரே இழுப்பில் கழரும் இடுப்புப்பட்டியில்தான் மாட்ட வேண்டும், உடம்பில் முடிச்சுப் போடக்கூடாது. உயிர்காப்பு அங்கியைப் படகில் கட்டிவைத்துப் பயனில்லை, அணிந்து பூட்ட வேண்டும். விசில் அங்கியில், கைபேசி நீர்புகாப் பையில் உடம்போடு. மூன்று ஊதல் என்றால் உதவி.

மாரி மழையில் நாயாறு, வட்டுவாகல் முகத்துவாரங்கள் வெட்டிப் பாயும்போது அங்கே இறங்கவே வேண்டாம். கரையில் நின்று இழுக்கும் கரைவலையை வளைத்திருந்தால் அதன் இரண்டு கயிற்றுக்கும் நடுவே நுழையாமல், மீனவர் தங்கும் வாடியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

கரையில் ஒருவரிடம் ஆள் எண்ணிக்கையையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுக்க வேண்டும். நேரம் கடந்து அரை மணித்தியாலமானால் அவர் பொலிஸ் அவசர இலக்கமான 119ஐ அழைப்பதோடு வாடிக்கும் ஓட வேண்டும். எஞ்சின் பூட்டிய தொழில் படகுதான் பெரும்பாலும் முதலில் போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கள்ளப்பாடு, முல்லைத்தீவு