மூன்று பெயர் கொண்ட ஒரே பெண்: எங்கள் கொம்யூன் (கிராம ஊராட்சி) மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். என் தாயார் 1945-இல் நாடு கடத்தப்பட்டதற்கான அரசு உதவியைப் பெற நான் தந்த விண்ணப்பம் சென்ற செவ்வாய்க்கிழமை நான்காவது முறையாகத் தங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்தது. காரணம் தங்களுக்குத் தெரியும். என் தாயாரின் பெயர் மூன்று ஆவணங்களில் மூன்று விதமாக இருக்கிறது. மூவரும் ஒருவரே என்பதற்கு நான் சான்று காட்ட வேண்டுமாம். அந்தச் சான்றை வழங்க வேண்டிய இடம் தங்கள் அலுவலகம்தான் என்பதால் இந்த மடலை எழுதுகிறேன்.

என் தாயார் 1915-இல் இதே ஊரில், இப்போது நான் இருக்கும் வீட்டில், ஜெர்மன் பேசும் குடும்பத்தில் பிறந்தார். அப்போது நம் ஊர் இருக்கும் திரான்சில்வேனியா ஹங்கேரியின் ஆட்சியில் இருந்தது. அரசுப் பதிவேட்டில் அவரைக் கதலின் என்று எழுதினார்கள். அதே வாரம் திருமுழுக்குக் கொடுத்த லூத்தரன் போதகர் தமது ஏட்டில் கதரீனா என்று எழுதினார். 1918-க்குப் பிறகு ஊர் ருமேனியாவோடு சேர்ந்தது. பின்னாளில் தந்த அடையாள அட்டையில் அவர் எகதெரினா ஆனார். குடும்பப் பெயரும் தப்பவில்லை. ‘ஷ்’ என்ற ஒலிக்கு ஜெர்மன் மொழியில் மூன்று எழுத்து வேண்டும், ஹங்கேரிய மொழியில் ஒன்று போதும், ருமேனிய மொழியில் எழுத்தின் அடியில் ஒரு காற்புள்ளி இட வேண்டும். அவர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். எழுத்துகள்தாம் இடம் மாறின.

தங்கள் எழுத்தர் மூன்று தாள்களையும் வரிசையாக வைத்து, பெயர்களைப் பென்சிலால் வட்டமிட்டு, தாள்களை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வட்டத்துக்கு வெளியே பிறந்த தேதி மூன்றிலும் ஒன்று, பெற்றோரும் ஒன்று, வீட்டு எண்ணும் ஒன்று. அவற்றை அவர் வட்டமிடவில்லை.

1945 ஜனவரியில் சோவியத் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் வேலை செய்ய ருமேனியாவிலிருந்து சுமார் 70,000 ஜெர்மானியர்களை ரயிலேற்றினார்கள். ஆண்களில் 17 முதல் 45 வயது வரை, பெண்களில் 18 முதல் 30 வரை என்பது கணக்கு. என் தாயாருக்கு அப்போது 29. இன்னும் இரண்டு வயது கூடியிருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பார். உக்ரைனின் தொன்பாஸ் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் இருந்துவிட்டு 1949-இல் திரும்பினார். அதற்கு அடுத்த ஆண்டு நான் பிறந்தேன். அப்படி நாடு கடத்தப்பட்டவர்களுக்கு மாத உதவி தரும் 1990-ஆம் ஆண்டின் 118-ஆம் எண் ஆணைச் சட்டம், 2020-இல் செய்த திருத்தத்தால் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் விரிந்தது. அந்த உதவியைத்தான் கேட்கிறேன். மாவட்ட அலுவலகம் மறுக்கவில்லை. மூன்று பெயரும் ஒருவருடையதே என்று தங்களிடமிருந்து ஒரு தாள் வாங்கி வரச் சொல்கிறது. தாங்களோ, 1915-ஆம் ஆண்டுப் பதிவேடு நூறாண்டு கடந்து ஆவணக் காப்பகத்துக்குப் போய்விட்டது என்று என்னை மீண்டும் மாவட்டத் தலைநகருக்கு அனுப்புகிறீர்கள். பேருந்தில் போய்வர ஒரு முழு நாள் ஆகிறது. எனக்கு வயது எழுபதைத் தாண்டி நெடுநாளாயிற்று.

1945-இல் வீடு வீடாகப் பெயர் எழுதி வைத்தவர்களுக்கு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை என்பதை மட்டும் பணிவோடு நினைவூட்டுகிறேன். கதலினா, கதரீனாவா, எகதெரினாவா என்று வாசலில் நின்ற காவலர் கேட்கவில்லை. பிறகு, 1967 முதல் 1989 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்களை, மேற்கு ஜெர்மனியிடம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, நாட்டைவிட்டு வெளியே விட்ட ருமேனிய அரசுக்கும், யார் ஜெர்மானியர் என்பதில் ஐயம் எழுந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வாங்குகிற கைக்கு உடனே அடையாளம் தெரிகிறது. கொடுக்கிற கைக்குத்தான் கண் மங்குகிறது.

ஊர் எல்லையில் தாங்கள் வைத்திருக்கும் புதிய பெயர்ப்பலகையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ருமேனியப் பெயர், அதன் கீழே ஜெர்மன் பெயர், அதன் கீழே ஹங்கேரியப் பெயர். சிறுபான்மையினர் நூற்றுக்கு இருபது பேர் இருந்தால்தான் இப்படி எழுதுவது சட்டப்படி கட்டாயம். இன்று இந்த ஊரில் ஜெர்மன் பேசுகிறவர்களை எண்ண இரண்டு கை விரல்கள் போதும். ஆகவே அது தங்கள் பெருந்தன்மையே, நன்றி. சுற்றுலாக் கையேட்டின் அட்டையில் எங்கள் அரண் சூழ்ந்த தேவாலயமும் அழகாக விழுந்திருக்கிறது. 2016 பிப்ரவரியில் ஒரே வாரத்துக்குள் ரோதேஷ், ரோத்பாவ் என்ற இரண்டு ஊர்களில் இதே போன்ற தேவாலயக் கோபுரங்கள் இடிந்து விழுந்தபின் நம் கோபுரத்தின் விரிசலை யாராவது ஏறிப் பார்த்தார்களா என்பது வேறு கதை. அட்டைப் படத்தில் விரிசல் தெரியவில்லை. கையேட்டில் ஓடைக்கு அப்பால் இருக்கும், இன்னொரு சிறுபான்மையினரான ரோமா மக்களின் தெருவும் தெரியவில்லை. அந்த முதியவர்களின் ஆவணங்களிலும் இதே பெயர்க் குழப்பம்தான். அவர்களுக்காக மடல் எழுதவும் ஆளில்லை.

நான் கேட்க வந்தது அதுவன்று, மன்னிக்கவும். மூன்று பெயரும் ஒரே ஊரைக் குறிக்கின்றன என்று பலகையில் எழுதி நிறுத்த முடிந்த மன்றத்தால், மூன்று பெயரும் ஒரே பெண்ணைக் குறிக்கின்றன என்று ஒரு தாளில் எழுதித் தர ஏன் முடியவில்லை என்பதே என் கேள்வி. வீடுவாரியாக நிலத்தோடு ஆட்களையும் எழுதி வைத்து, தங்கள் அலமாரியிலேயே இருக்கும் விவசாயப் பதிவேட்டை எடுத்து, எங்கள் வீட்டு எண்ணுக்குரிய பக்கத்தைத் திறந்தால், அந்த வீட்டில் அந்தத் தேதியில் பிறந்த பெண் ஒருவர் மட்டுமே இருந்தார் என்பது தெரியும். அதை எழுதி, முத்திரையிட்டு, கையொப்பமிட்டுத் தந்தால் போதும்.

மக்களைச் சந்திக்கும் நாளான வரும் வியாழக்கிழமை, மூன்று தாள்களோடு காலையிலேயே வந்துவிடுகிறேன். பென்சில் வட்டங்களை நான் அழிக்கவில்லை. அந்தப் பதிவேட்டை முன்கூட்டியே எடுத்து வைக்குமாறு தங்கள் எழுத்தரிடம் சொல்லி உதவும்படி மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கதரீனாவின் மகள்