மருந்தியல் கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் 99 சதவீதம் அல்புமின் என்ற ரத்தப் புரதத்தில் ஒட்டியிருக்கிறது, வலி மருந்தான ஃபினைல்பியூட்டசோன் வந்து அதில் ஒரு சதவீதத்தைத் தள்ளிவிட்டால் ஒட்டாமல் தனியாகத் திரிந்து வேலை செய்யும் மருந்து 1-லிருந்து 2 சதவீதம் ஆகிறது, அதனால் ரத்தக்கசிவு என்று வருடா வருடம் கேள்வி போடுகிறீர்கள். கணக்கு சரிதான், ஆனால் பாதியில் நிற்கிறது. விடுபட்ட மருந்து ரத்தத்திலேயே உட்கார்ந்திருக்குமா என்ன? திசுக்களுக்குள் பரவும், கல்லீரலும் அதை முன்பைவிட அதிகமாகச் சிதைக்கும், சில நாட்களில் மொத்த அளவு இறங்கி, தனி அளவு பழைய இடத்துக்கே வந்து நிற்கும். குளோரல் ஹைட்ரேட் என்ற தூக்க மருந்தில் நடந்தது இதுதான். அதிலிருந்து உண்டாகும் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலம் வார்ஃபரினை நிஜமாகவே தள்ளுகிறது, முதல் சில நாட்கள் அதன் வீரியம் கூடுகிறது, அப்புறம் இரண்டையும் தொடர்ந்து கொடுத்தாலும் அடங்கிவிடுகிறது.

அப்படியானால் ஃபினைல்பியூட்டசோனோடு ரத்தக்கசிவு ஏன் வருகிறது? அது வார்ஃபரினின் இரண்டு வடிவங்களில் வீரியமான எஸ் வடிவம் கல்லீரலில் சிதைவதைத் தடுக்கிறது. 1974-லேயே தெரிந்துபோன விஷயம் இது. 2002-ல் பெனெட், ஹோனர் என்ற ஆய்வாளர்கள் 456 மருந்துகளை அலசி, வாய்வழி அல்லாமல் கொடுக்கும்போது புரதத்தோடு ஒட்டுவதில் வரும் மாற்றம் பொருட்படுத்தத்தக்கதாக இருக்கக்கூடியவை 25தான் என்றார்கள். நம் விடைக்குறிப்பு மட்டும் அசையவில்லை.

இதற்காகப் பாடத்தையே தூக்கிவிடச் சொல்லவில்லை. சல்ஃபிசாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி குறைமாதக் குழந்தைகளின் மூளையைப் பாதித்ததை 1956-ல் சில்வர்மேன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு காட்டியது, அது பிலிரூபின் என்ற மஞ்சள் நிறமியை அல்புமினிலிருந்து தள்ளியதே காரணம் என்று பின்னால் தெரிந்தது, அதைக் கட்டாயம் நடத்துங்கள், அந்தப் பிஞ்சுக் கல்லீரலால் விடுபட்டதை வெளியேற்ற முடியவில்லை.

வார்டில் தினசரி உதவுவது ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தின் கதைதான். வழக்கமாகப் பத்தில் ஒரு பங்குதான் தனியாக இருக்கும். இன்னொரு வலிப்பு மருந்தான வால்ப்ரோயேட் சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு வரை போகலாம். மொத்த அளவு மில்லிலிட்டருக்கு 8 மைக்ரோகிராம் என்று லேப் ரிப்போர்ட் வரும், 10 முதல் 20 இருக்க வேண்டுமே என்று டோஸைக் கூட்டத் தோன்றும். ஆனால் தனி அளவு 1.6, வேண்டியது 1 முதல் 2! கூட்டினால் நோயாளி தள்ளாடுவார், கண்விழி தானாக ஆடும், அதிலும் ஃபெனிட்டாயினைச் சிதைக்கும் நொதி சீக்கிரம் நிறைந்துவிடுவதால் கொஞ்சம் கூட்டினாலே அளவு எகிறும். வால்ப்ரோயேட் அந்த நொதியையும் கொஞ்சம் மட்டுப்படுத்தும் என்பது வேறு.

அடுத்த தேர்வில் வார்ஃபரின் கணக்கை எடுத்துவிட்டு, இந்த ரிப்போர்ட்டைக் கொடுத்து டோஸைக் கூட்டுவாயா என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
வார்டில் மருந்துச்சீட்டு சரிபார்க்கும் ஒருவன்