கீயைத் திருப்பி அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

"கீ வேலை செய்யவில்லை" என்று கூரியரில் திரும்பி வரும் மோர்ஸ் கீகளில் (ஹாம் ரேடியோவில் தந்திக் குறி அடிக்கும் கட்டைகள்) பாதிக்கு மேல், பிரித்துப் பார்த்தால் ஒரு கோளாறும் இருப்பதில்லை. கோளாறு ஒயர் முனையில் இருக்கும் பின்னில் இருக்கும், இல்லையென்றால் ரிக்கின், அதாவது ரேடியோ செட்டின், மெனுவில் இருக்கும். போக வர கூரியர் காசு உங்களுக்கு தண்டம், அதனால்தான் இந்த மடல்.

முதலில் பின். மேலும் கீழும் தட்டும் ஸ்ட்ரெய்ட் கீக்கு இரண்டே ஒயர்தானே என்று கையில் கிடைத்த மோனோ பின்னைப் பற்றவைத்துவிடுகிறீர்கள். இன்றைய ரிக்குகளில் கீ ஜாக் பெரும்பாலும் ஸ்டீரியோ: நுனி டிட் (குட்டைக் குறி), நடு வளையம் டா (நீளக் குறி), அடிப்பகுதி எர்த். மோனோ பின்னில் நடு வளையமே கிடையாது, அதன் நீளமான அடிப்பகுதி ஜாக்குக்குள் டா தொடும் இடத்தையும் எர்த்தோடு சேர்த்துவிடும். ரிக்குக்குள் இருந்து டிட், டாவைத் தானாக அடித்துத் தரும் கீயருக்கு என்ன தெரியும், யாரோ டா பக்கத்தை அழுத்திப் பிடித்திருக்கிறார் என்று பின்னைச் செருகிய நொடியிலிருந்து டா டா டா என்று அடித்துத் தள்ளும். சரி, ஸ்டீரியோ பின் மாட்டி வளையத்தைச் சும்மா விட்டால்? ஒருமுறை அழுத்தினால் டிட் டிட் டிட் என்று சரம் சரமாக வரும். "ஒரு தட்டுக்குப் பத்து தட்டு போகிறது சார்" என்று போன் வருவது இதற்குத்தான். ஸ்டீரியோ பின்னே போடுங்கள், மெனுவில் கீயரை அணைத்து ஸ்ட்ரெய்ட் கீ என்று மாற்றுங்கள், தீர்ந்தது. டிட்டுக்கும் டாவுக்கும் தனித்தனிப் பக்கம் உள்ள பேடில் வாங்கியவர்களுக்கு டிட்டும் டாவும் இடம் மாறி வந்தால் அதற்கும் மெனுவில் வழி உண்டு, சால்டரிங் அயர்னை எடுக்க வேண்டாம்.

அடுத்தது, கீயை அழுத்தினால் ஒன்றையொன்று தொடும் இரண்டு காண்டாக்ட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி. ஹாம் லைசென்ஸின் ஜெனரல் கிரேடு தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் தவிக்கிறார்கள். நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் ஒரு டிட்டின் நீளம் 150 மில்லிசெகண்ட், 20 வார்த்தைக்குப் போனால்தான் அது 60 ஆகக் குறையும், ஆகவே தொடக்கத்தில் காண்டாக்ட் இரண்டையும் முடியளவு நெருக்கமாக வைக்க ஒரு அவசியமும் இல்லை. ஒரு போஸ்ட் கார்டு இடையில் நுழைந்து லேசாக உரசி வெளியே வரும் அளவு வையுங்கள். ஸ்பிரிங், கையை எடுத்ததும் கீ தானாக மேலே வரும் அளவுக்கு இறுகியிருந்தால் போதும். பக்கவாட்டு ஸ்க்ரூ இரண்டையும் ஆட்டம் நிற்கும்வரை இறுக்கிவிட்டு, இம்மி தளர்த்துங்கள். விரல் நுனியால் தந்தி அடிக்காதீர்கள், மணிக்கட்டு ஆடட்டும்.

ஏற்காட்டு வாடிக்கையாளர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மேலே பனியும் ஈரமும் அதிகம், காண்டாக்ட் சீக்கிரம் அழுக்காகும். எங்கள் கீகளில் காண்டாக்ட் வெள்ளி, செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்யும் பட்டறையிலேயே வைத்துத் தரச் சொல்கிறோம், விலை ஏறியதற்குக் காரணமும் அந்த வெள்ளிதான். கொலுசு கறுப்பதுபோல இதுவும் கறுக்கும், அதற்காக உப்புத்தாளை எடுக்காதீர்கள், தேய்த்த கோடுகளுக்குள்தான் அடுத்த அழுக்கு போய் உட்காரும். வெள்ளைத் தாளைப் பட்டையாகக் கிழித்து, இரண்டு காண்டாக்ட்டுக்கும் நடுவே வைத்து கீயை மெல்ல அழுத்தியபடி உருவுங்கள், தாளில் கறுப்புக் கோடு விழும், கோடு விழாத வரைக்கும் செய்யுங்கள். ரப்பர் பேண்டு சுற்றி வைக்கவே வைக்காதீர்கள், ரப்பரில் இருக்கும் கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைத்துவிடும். கீயின் அடியில் ரப்பர் போடாமல் சிலிகான் கால் போட்டிருப்பதும் அதற்காகத்தான்.

தந்தி சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. அந்தக் காலத்துப் பித்தளைக் கீ யார் வீட்டுப் பரணிலாவது கிடந்து உங்கள் கைக்கு வந்தால் தாராளமாகப் பயன்படுத்தலாம், எங்களிடம் புதிது வாங்க வேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் பூஜைச் சாமான்போல புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள், புளிப்பு அச்சுக்குள் இறங்கினால் கீ சிக்கும். பழைய வால்வு செட்டில் மாட்டுவதாக இருந்தால் இன்னொரு கவனம்: அவற்றில் சிலவற்றில் கீயின் இரு முனைக்கும் நடுவே நூறு வோல்ட்டுக்கு மேலும் வரும், இந்தக் கீகளிலோ உலோகம் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. நடுவில் ஒரு ரிலே போட்டுக்கொள்ளுங்கள். இன்றைய ரிக்குகளில் இந்தப் பயம் இல்லை.

குறைந்த பவரில் ஒழுங்காக வந்து, பவரைக் கூட்டினதும் கீயர் தாறுமாறாக அடித்தால் கீயைத் திட்டாதீர்கள். ஆன்டெனாவிலிருந்து ஆர்.எஃப் (ரேடியோ அலை) கீ ஒயர் வழியாக உள்ளே புகுகிறது. ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் டம்மி லோடில் போட்டுப் பாருங்கள், அங்கே சரியாக வந்தால் சந்தேகமே இல்லை. ஷீல்டு உள்ள ஒயரைக் குட்டையாக வெட்டிப் போட்டு, ரிக் பக்கம் ஒரு ஃபெரைட் கிளிப் மாட்டினால் பெரும்பாலும் அடங்கும்.

இத்தனையும் பார்த்த பிறகும் சரியாகவில்லை என்றால் அனுப்புங்கள், பார்த்துத் தருகிறோம். அனுப்பும்போது காண்டாக்ட்டுக்கு நடுவே ஒரு தாள் துண்டைச் சொருகி, ஒயரையும் பின்னையும் கழற்றாமல் அப்படியே வையுங்கள். உங்கள் ரிக் என்ன மாடல் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் போட்டால் எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. நேரில் வருகிறவர்கள் மதியம் சாப்பாட்டு நேரத்தைத் தவிர்த்து வாருங்கள்.

இப்படிக்கு,
கடையிலிருந்து,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்