பதினாறும் தோற்று...

ஆசிரியருக்கு,

தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு எதற்கு ரசிகர்கள் என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். நான் அமெரிக்காவில், கிளீவ்லாந்தில் இருப்பவன். 2017 பருவத்தில் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸ் ஆடிய 16 ஆட்டங்களிலும் தோற்றதை ஒன்று விடாமல் பார்த்தவன். பதினாறும் பெற்று வாழ்க என்று நாம் வாழ்த்துவோம். இவர்கள் பதினாறையும் தோற்றார்கள். அதற்கு முந்தைய பருவத்திலும் ஒரே ஒரு வெற்றிதான், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள்.

கடைசி ஆட்டம் பிட்ஸ்பர்க்கில். 28-24 என்று பின்தங்கியிருந்தோம். முடியப்போகும் நேரத்தில் எங்கள் ஆட்டக்காரர் கோரி கோல்மன் கைக்கே வந்த பந்து நழுவிப் போனது. வீட்டில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் மனைவி, "சரி, சாப்பிட வாங்க" என்றாள்.

2018 ஜனவரி 6 அன்று, எலும்பை உறைய வைக்கும் குளிரில், ஆயிரக்கணக்கானோர் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனோம். சுற்றிவந்தால் பூஜ்யம் மாதிரி இருக்குமாம்! கிண்டல்தான். ஆனால் அதை வைத்தே உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள்.

ஆட்டக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இரண்டு பருவத்தில் 31 தோல்வி கண்ட பயிற்சியாளர் ஹூ ஜாக்சனையே மறுபடி வைத்துக்கொண்டார்களே, அதுதான் இன்னும் ஆறவில்லை. ஒருவழியாக, அடுத்த பருவத்தில், 2018 செப்டம்பர் 20 அன்று ஜெட்ஸ் அணியை 21-17 என்று வென்றபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. தூங்கிக்கொண்டிருந்த மகனை எழுப்பிச் சொன்னேன்.

ஒரு வாசகர்,
கிளீவ்லாந்து, ஒஹாயோ