மேயரை யார் தேர்ந்தெடுப்பது? கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் கட்சித் தலைவர்களுக்கு வணக்கம்.

2011 மே மாதம் சட்டமன்றத் தேர்தல் முடிவு வந்தபோது, கொளத்தூரில் மு.க. ஸ்டாலினிடம் சைதை துரைசாமி தோற்றிருந்தார். அதே ஆண்டு அக்டோபரில், மேயராக இருந்த மா. சுப்பிரமணியனைத் தோற்கடித்து அவரே சென்னை மேயரானார். 2021இல் இந்த இருவரும் சைதாப்பேட்டையில் மறுபடி மோதினார்கள். இம்முறை ஜெயித்த சுப்பிரமணியன் அமைச்சரானார். ஸ்டாலின் முதலமைச்சரானார், அவரும் முன்னாள் மேயர்தான். மூவருக்குமே கோட்டைதான் இலக்கு.

அதைத் தப்பென்று சொல்ல வரவில்லை. மாநகராட்சி அலுவலகமான ரிப்பன் மாளிகையில் அவர்களைப் பிடித்துவைக்க என்ன இருக்கிறது? நிர்வாகம் அரசு நியமிக்கும் ஆணையர் கையில். குடிநீரும் கழிவுநீரும் 1978இலேயே தனி வாரியத்துக்குப் போய்விட்டன. மாநகரப் பேருந்தும் மாநகராட்சியுடையது அல்ல. தெருவில் தண்ணீர் தேங்கினால் மட்டும் மேயரைத் திட்டுகிறோம்!

இருக்கிற கொஞ்சத்தையும் நீங்கள் நிலையாக வைக்கவில்லை. 1996இல் மக்களே நேரடியாக மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006இல் அந்த வேலை கவுன்சிலர்களிடம் போனது, 2011இல் மக்களிடம் திரும்பியது, 2022இல் மறுபடி கவுன்சிலர்களிடம். யார் ஆட்சிக்கு வந்தாலும் கணக்கு ஒன்றுதான்: நமக்கு எது வசதி? 2002இல் ஒருவர் இரண்டு பதவி வகிக்கக் கூடாது என்று சட்டம் திருத்தப்பட்டு, ஸ்டாலின் மேயர் பதவியை இழந்தார். கொள்கையாக அது நல்லதுதான். ஆனால் எதிர்க்கட்சிக்காரர் மேயராக இருந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.

இதைவிட மோசம், தேர்தலே நடத்தாமல் விட்டது. 1973இல் கலைத்த சென்னை மாநகராட்சி மன்றம் 1996இல்தான் திரும்பியது. அப்போதாவது உள்ளாட்சித் தேர்தலைக் கட்டாயமாக்கும் 74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் இல்லை என்று சொல்லலாம். அது 1993இல் நடைமுறைக்கு வந்த பிறகும், 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை சென்னைக்கு மேயரே இல்லை. வழக்கு, வார்டு வரையறை என்று காரணங்கள் சொன்னீர்கள். சட்டமன்றத் தேர்தலை இப்படி ஐந்து வருடம் தள்ளிப்போட விடுவீர்களா?

இந்த இடைவெளிக்குப் பிறகு மேயரானவர்தான் ஆர். பிரியா, சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அவர் பெயரைக் கட்சி அறிவித்தது, மன்றம் ஏற்றது. சென்னை வாக்காளர் யாரும் மேயருக்கென்று வாக்களிக்கவில்லை.

இந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2027 தொடக்கத்தில் முடிகிறது. அதற்குள் நேரடித் தேர்தல் முறையைச் சட்டமாக்குங்கள். குடிநீர் வாரியத்தையும் மாநகராட்சியின் கீழ் கொண்டுவாருங்கள். அப்புறம், தேர்தலை உரிய தேதியில் நடத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு சென்னை வாக்காளர்